எங்கள் அச்சகத்தில் அறிவைக் கணக்கெடுத்த நாள்

எழுபதுகளின் நடுவில் நான் திருவண்ணாமலையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், தீபத் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கட்ட வேண்டும். எங்கள் ஊரில் கடை, ஓட்டல், லாரி, மாப்பிள்ளை எல்லாமே அண்ணாமலை. அதனால் ‘ணா’ எப்போதும் பற்றாது. எந்த வேலையை முதலில் அச்சடித்து எழுத்துகளைப் பிரித்துப் போட்டால் அடுத்ததற்கு ‘ணா’ கிடைக்கும் என்று காலையிலேயே யோசித்து வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் எங்கள் போர்மேன் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தார். “இனிமே நீதான்” என்று என்னிடம் சொல்லியும் விட்டார். முதலாளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போர்மேன் என்றால் மாதச் சம்பளம். எனக்கு வாரக் கூலி. அந்த இடம் எனக்கு வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். எந்தெந்தத் தொழிலில் நூற்றுக்கு எத்தனை பேர் அறிவை வைத்துப் பிழைக்கிறார்கள், எத்தனை பேர் உடம்பை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று ஊர் ஊராக அளந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். ரைஸ் மில்லையும் லேத் பட்டறையையும் முடித்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். முதலாளி அவருக்குக் காபி வரவழைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“உங்க வேலையில நீங்களா யோசிச்சு முடிவு பண்றது ஏதாவது இருக்கா?” என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

முதலாளி என்னையே பார்த்தார். கூலிக்காரன் முதலாளி எதிரில் தனக்குத் தெரியும் என்று சொன்னால் அதற்குப் பெயர் திமிர்.

“நமக்கு இன்னா சார் தெரியும்? முதலாளி சொல்றதைச் செய்றோம்” என்றேன்.

“எல்லாம் கைவேலை சார். யோசனை என்னுது” என்றார் முதலாளி.

வந்தவர் சிரித்தார். “மில்லுலயும் இதைத்தான் சொன்னாங்க, பட்டறையிலயும் இதைத்தான் சொன்னாங்க. இந்த ஊர்ல பேங்க், பள்ளிக்கூடத்தை விட்டா அறிவு ரொம்பக் கம்மி போல!”

முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். முதலாளியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அவ்வளவு படித்தவருக்கு அது தோன்றவில்லை. தோன்றினாலும், காபி வாங்கிக் கொடுத்தவரை எப்படி வெளியே போகச் சொல்வார்?

அடுத்த வாரம் முதலாளி வேலூரிலிருந்து தன் தூரத்து உறவு ஒருவரைக் கொண்டுவந்து, இவர்தான் இனி போர்மேன் என்றார். அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன்.

“அந்த இடம் எனக்குனு பழைய போர்மேன் சொன்னாருங்க.”

“ஏம்ப்பா, மெட்ராஸ்காரர்கிட்ட நீயேதான சொன்ன, இன்னா தெரியும்னு? நானும் கேட்டுனுதான இருந்தேன். ஒன்னும் தெரியாதவன் கையில பிரஸ்ஸைக் குடுக்கச் சொல்றியா?”

மெஷின் ஓட்டுகிறவர்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

வீட்டில் மனைவி விடவில்லை. “தெரியும்னு சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?”

“சொல்லியிருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பான்.”

“இப்ப மட்டும் இன்னா, உள்ள வச்சிக் கொஞ்சறானா?”

எண்பதுகளிலும் அதே பெட்டியின் முன்னால்தான் நின்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கூலியை அந்த வேலூர்க்காரர் கையால் வாங்கினேன். மெட்ராஸ்காரர் எடுத்த கணக்கு எங்கேயாவது புத்தகமாக வந்திருக்கும். அந்தப் புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தவனும் அதில் கைவேலைக்காரனாகத்தான் இருப்பான்.