எண்ணெய் குடித்த கிடார்

திருப்பதிக் கடையில் பேத்திக்கு இரண்டு கிடார்களை மீட்டிக் காட்டினார்கள். மலிவானது அமுங்கி ஒலித்தது. அக்காவின் கிடார் கடைசியாகப் போட்ட சத்தம் அது.

திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்த வருடம், எங்கள் ஊர் நகரியைவிட்டுக் கிளம்பிய ரயில்வேக்காரர், தன்னிடம் வாசிக்கப் பழகிய அக்காவை தன் இரண்டு கிடார்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணீரென்று ஒலித்த பழசை எடுத்துவந்தாள்.

"புதுச வுட்டுட்டு கெழத்த தூக்கினு வந்துக்கிறியே, தெலிவி லேதா, புத்தி இல்லியா?" என்றார் நைனா. தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டைக்குத் தடவும் எண்ணெயை, அவள் இல்லாதபோது அதன் உள்ளும் புறமும் தேய்த்தார்.

"இப்போ பாரு, புதுசாட்டம் மின்னுது!"

அக்கா ஒருமுறை மீட்டினாள். "கொன்னுட்டியே நைனா" என்றாள். பிறகு எதையும் வாசிக்கவேயில்லை.

செத்துப்போன நைனாவை இன்னும் திட்டுகிறேன். கூட உட்கார்ந்து தேய்த்தவள் நான் என்று அக்காவிடம் இதுவரை சொன்னதில்லை.