தவிர்ப்புப் பட்டியலில் நான் எழுதிய வரி

குப்பை ஊட்டிப் பிழைத்தவள் நான். என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே பேரேடு. அதை ஓட்டும் மென்பொருளைப் பல நாட்டுக் குழுக்கள் தனித்தனியே எழுதியிருக்கின்றன. எல்லாம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒன்று சரி என்றும் இன்னொன்று பிழை என்றும் சொன்னால் பேரேடு இரண்டாகப் பிரிந்துபோகும். அப்படியொரு வெளிநாட்டுக் குழுவின் மென்பொருளைச் சோதிப்பது எங்கள் பொறுப்பு. கோணல்மாணலான பதிவுகளைத் தானாகவே உண்டாக்கி, அவர்களுடைய மென்பொருளுக்கும் இன்னொரு குழுவினுடையதற்கும் நாள் முழுக்க ஊட்டி, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனையை எழுதியது நான்.

ஒன்றரை வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் கட்டுகஸ்தோட்டையில் பார்த்து வைத்த வீட்டை வாடகைக்குத் தருவார்கள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் நிலைக்காது. அம்மா இதற்குள் லயம் முழுக்க, "மகளுக்கு பெர்மனன்ட் ஆகப்போகுது" என்று சொல்லி முடித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் சோதனை சிவப்பு காட்டியது. ஒரு பதிவில் நீளம் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம். நாங்கள் சோதிக்கும் மென்பொருள் அதைச் சரி என்றது, மற்றது தள்ளிவிட்டது. திரும்ப ஓட்டினேன், பச்சை. இன்னொரு தடவை ஓட்டினேன், மறுபடி சிவப்பு. இப்படி வந்துபோகிற பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

அலுவலகத்தை நடத்தும் எங்கள் சேர் டவுனில் பெரிய கடைக்காரக் குடும்பம். தமிழர், நம்ம ஆள்தான், அந்தப் பெருமை எனக்கு அப்போது இருந்தது. அவர் எதையும் எழுதிச் சொல்ல மாட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"என்ன தங்கச்சி, சிவப்பா கிடக்கு?"

"ரெண்டும் வேற வேற பதில் சொல்லுது சேர். இது நெசமான பிழை மாதிரிதான் தெரியுது."

"வியாழக்கிழமை வெளிநாட்டுக்கு அறிக்கை போகணும். இத வச்சிக்கிட்டு அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? தவிர்ப்புப் பட்டியல்ல போட்டுருங்க. பிறகு ஆறுதலா பார்ப்போம்."

தவிர்ப்புப் பட்டியலில் போட்ட சோதனை ஓடாது. ஓடாத சோதனை சிவப்பும் காட்டாது. ஆனால் போடுகிறவர் ஒரு வரி காரணம் எழுத வேண்டும், அது எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெயரோடு நிற்கும். சேர் சொன்னார் என்று எப்படி எழுதுவது? வெள்ளைக்காரர் படிக்கிற இடத்தில் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? எங்கள் லயத்தில் மேலே உள்ளவர்களின் முகம் சுருங்கினால் போதும், "தப்பு எங்க மேலதாங்க" என்று நாங்களே முந்திக்கொள்வோம். பேச்சு அதோடு முடியும். அந்தப் பழக்கம் கண்டிக்கும் என்னோடுதான் பஸ் ஏறி வந்திருந்தது. நான் எழுதினேன்: "என் சோதனையில்தான் பிழை. நான் திருத்தும்வரை இதை விட்டுவிடுங்கள்." மரியாதையாக எழுதிவிட்டோம் என்று திருப்தி வேறு. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பிறகு இரண்டு தடவை சேருக்கு ஞாபகப்படுத்தினேன். "பார்ப்போம் தங்கச்சி" என்றார். மென்பொருளின் புதிய பதிப்பு வெளியானது. மூன்றாம் நாள் யாரோ அதே பூச்சியத்தோடு ஒரு பதிவை அனுப்ப, அந்தப் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்த கணினிகளெல்லாம் மற்றவற்றிலிருந்து பிரிந்துபோய் அரை நாள் தனியே நின்றன.

காணொளிக் கூட்டத்தில் அந்த வெளிநாட்டுக் குழுக்காரர் என் வரியைத் திரையில் போட்டு நிதானமாக வாசித்தார். கீழே என் பெயர். சேர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுபவம் போதாத பிள்ளை, மன்னித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எனக்காக மன்னிப்புக் கேட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போது சொன்னார்: "பார்த்தீங்கதானே தங்கச்சி, உங்களுக்காக எவ்வளவு பேசினேன்னு."

"பெரிய உபகாரம் சேர்" என்றேன். அவர் என்னைக் கைவிட்டதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. இந்த வார்த்தையைச் சொன்ன என் வாயைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நிரந்தரக் கடிதத்துக்குப் பதிலாக, மாத முடிவோடு வரவேண்டாம் என்ற கடிதம் வந்தது. என் சோதனையை அவர்கள் பட்டியலிலிருந்து எடுத்து மறுபடி ஓட விட்டார்கள் என்று பிறகு பார்த்தேன். ஓர் எழுத்தைக்கூட அதில் மாற்றவில்லை. மாற்ற அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்வில பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டதைச் சொன்னேன்.

"என்ன தப்பு புள்ள பண்ணுன?"

பெற்றவளே அப்படிக் கேட்டாள். எனக்கு எரிந்தது. சேர் சொன்னது, நான் எழுதியது, அவர் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"தப்பு என் மேல இல்லம்மா" என்றேன். பிறந்ததிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினாள். வெளியே யாருக்கும் கேட்டிருக்குமோ என்று கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"சரி. இத அந்த சேர்கிட்ட போய் சொல்லி வச்சிராத" என்றாள்.