எத்திராஜ் அவர்களின் வலது காது

செவ்வாய்க்கிழமை காலை, மறைமலை நகரில் நான் இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு போன் வந்தது. பேசியது எத்திராஜ் அவர்களின் மகள் சாந்தி. "சார், அப்பா போயிட்டாரு. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்ளோதான்," என்றாள். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தது எனக்கு. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் ஒரு சிறிய கம்பெனியில் அவர் ஆபரேட்டர், நான் சூப்பர்வைசர். தொழிற்சாலைச் சிலிண்டர்களோடு, தண்ணீருக்கடியில் வேலை செய்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்களும் எப்போதாவது வரும். அவற்றின் வால்வில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செப்புத் தகடு இருக்கும். டிஸ்க் என்போம். உள்ளே காற்று அளவுக்கு மிஞ்சினால் அது கிழிந்து காற்றை வெளியே விட்டுவிடும், சிலிண்டர் வெடிக்காது.

நான் சேர்ந்த வருடமே காற்றின் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் ஒரு நாள் பாதியில் சிக்கிக்கொண்டது. முள்ளை நம்பி எத்திராஜ் காற்றை விட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் டிஸ்க் வெடிச் சத்தத்தோடு கிழிந்தது. அந்தக் காது அதோடு சரி. ஆஸ்பத்திரியில் அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். "காதுதானே சார் போச்சு. டிஸ்க்கு கிழியலன்னா நானே இல்ல. மீட்டரு பொய் சொல்லும், அது சொல்லாது." பிறகு அவரிடம் எதைச் சொல்வதானாலும் வலது பக்கம் போய் நிற்போம். பிடிக்காத பேச்சென்றால் நைசாக இடது காதைத் திருப்பிவிடுவார். முதலாளிக்கும் அதே மரியாதைதான்.

அவசரநிலை முடிந்த அடுத்த வருடம் கோடையில், ஒரகடம் பக்கம் கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போன என் தம்பி ரவி திரும்பவில்லை. ஊர்க்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள்; ஆழம் பிடிபடவில்லை. மறுநாள் மெட்ராசிலிருந்து ஆளுக்கொரு சிலிண்டரோடு இருவர் வந்து தேடினார்கள். மதியத்துக்குள் காற்று தீர்ந்துவிட்டது. காலி சிலிண்டர்களை ஜீப்பில் போட்டுக்கொண்டு நானே கம்பெனிக்கு ஓடினேன். அம்மா குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

எத்திராஜ் வழக்கம்போல டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார். ஒரு தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன, இரண்டு சிலிண்டரிலுமே. அடிக்கடி கிழிகிறதென்று யாரோ செய்த வேலை.

"இத்த ரொப்ப முடியாது சார். இது கிழியாது, சிலிண்டருதான் வெடிக்கும்."

"ஒரு தகட்ட எடுத்துட்டுப் போடுங்க."

"ரெண்டும் நசுங்கிக் கீது. கழட்டினத திரும்பப் போடக்கூடாது. நம்மகிட்ட கீறது இதுக்குச் சேராது."

"பாதியாவது ரொப்புங்க எத்திராஜ். எங்கம்மா அங்க உட்கார்ந்திருக்காங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாதின்னு சொல்றதும் மீட்டருதானே சார். தம்பி போயிட்டாரு. இங்க நிக்கிறவங்க வூட்டுக்குப் போவணும்," என்றார்.

அடித்துவிட்டேன். எல்லோர் முன்னாலும், இடது கன்னத்தில். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "மெட்ராஸ் போய் டிஸ்க் வாங்கினு காலையில வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். சொன்னபடியே விடிந்ததும் வந்து நிரப்பிக் கொடுத்தார். பத்து மணிக்கு ரவியைத் தூக்கினார்கள். அதுவரை அம்மா கரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு எத்திராஜ்தான் காரணம் என்று மனதில் வைத்துக்கொண்டேன். வேலை விஷயம் தவிர அவரோடு ஒரு பேச்சும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, வேறோர் ஊரில் இப்படி இரட்டைத் தகடு போட்ட சிலிண்டர் நிரப்பும்போதே வெடித்ததாகச் செய்தி வந்தது. நிரப்பியவரும் பிழைக்கவில்லை, கூட நின்றவரும் பிழைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஷெட்டில் யார் யார் நின்றோம் என்று யோசித்துப் பார்த்தேன். சிலிண்டருக்கு மிக அருகில் நின்றவன் நான்தான்.

மன்னிப்புக் கேட்கவும் செய்தேன், கோழை கேட்கிற விதத்தில். அவர் குனிந்து வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது பக்கம் போய் நின்று, "அன்னிக்கு நான் அடிச்சது தப்பு எத்திராஜ்," என்றேன். கேட்காது என்று தெரிந்துதான் அந்தப் பக்கம் நின்றேன். ஆள் நிற்பதை உணர்ந்து அவர் திரும்பினார்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல."

"டீ சொல்லட்டா?" என்றார்.

அப்புறம் நான் வேலை மாறிப் போனேன். ஒரு நாள் போய்ப் பேசிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வருடங்களை ஓட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் பிற்பகல் பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டுப் பார்த்தால், நான் நின்றது இடது பக்கம். அன்றைக்குக் கோழையாக நின்ற அதே பக்கம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போனேன். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அந்தக் காதையும் மூடியிருந்தது. சாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை ஒரு விரலால் விலக்கிவிட்டுக் குனிந்தேன்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் எத்திராஜ். உங்களாலதான். அடிச்சது தப்பு. போய்ட்டு வாங்க."