கெண்டைக் குட்டையில் விரால்

சர்க்கார் மீன் வேலையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். திருமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊர். ஊரை ஒட்டிய குட்டையில் கெண்டைக் குஞ்சுகளை வளர்த்து, விரல் நீளம் வந்ததும், வயலுக்கு அப்பாலுள்ள பெரிய கண்மாயில் விடவேண்டும்.

காவிரியிலிருந்து குஞ்சுகள் பானைகளில் ரயிலேறி வந்தன. விடுவதற்கு முன் குட்டையில் வலை இழுத்தோம். குஞ்சுகளைத் தின்னும் விரால்கள் நாலைந்து சிக்கின. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். விரால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரம்.

ஊராரைக் கூட்டி, "தை பிறக்கிற வரைக்கும் இதுல துணி துவைக்கக்கூடாது, மாடு இறக்கக்கூடாது. அப்புறம் பாருங்க, கண்மாய் பூரா மீன்தான்" என்றேன். அன்று முதல் பெண்கள் அழுக்கு மூட்டையோடு கண்மாய்க்கு நடந்தார்கள். மழையிலும் நடந்தார்கள்.

தையில் வலை இழுக்க ஊரே கரைக்கு வந்துவிட்டது. முதல் இழுப்பிலேயே கை நீளத்துக்கு விரால்கள் துள்ளின. மறுபடி மறுபடி இழுத்தும் கெண்டைக் குஞ்சு அரைப்பானை தேறவில்லை. யாரோ சிரித்தார்கள். ஊர்த்தலைவரான அம்பலகாரர் திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.

மூட்டையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, இனி இங்கன துவைச்சுக்கிடலாம்ல?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே அனுமதி கேட்டாள். "துவைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வலையைச் சுருட்டக் குனிந்தேன்.

சாப்பிடாமல் அம்பலகாரர் என்னைப் போகவிடவில்லை. இலையில் விரால் குழம்பு. "நம்ம கெண்டையைத் தின்னு வளந்தது. ருசியாத்தான் இருக்கும், சாப்பிடுங்க" என்றார். அவர் மனைவி இன்னொரு துண்டு வைத்தார். குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தேன்.

கோடையில் குட்டை வற்றியதும் மறுபடி போனேன். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து, சேற்றைக் கிளறி மிச்ச விரால்களையும் எடுத்துப் போட்டார்கள். ஐப்பசியில் புதுக்குஞ்சு விட்டபோது, துவைக்கவேண்டாம் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்பலகாரர்தான் சொன்னார். அந்தத் தடவை குஞ்சுகள் பிழைத்துக் கண்மாய்க்குப் போயின.

கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடிக்கிற நாளுக்கு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.