இடது நிலையில் வைத்த புள்ளி

தோவாளையிலிருந்து பூக்கூடை ஏற்றிவரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தி சொன்னான். பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. அவன் இறங்கக்கூட இல்லை. "வாத்தியாரே, பூக்கார ஆவுடையக்கா செத்துப்போச்சு. நேத்தே எடுத்தாச்சு" என்று கூவிவிட்டுப் போனான். நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி வாய்ப்பாட்டையும் சொல்லி முடித்தேன். எடுக்கும்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். சுமந்தவர்களைத் தவிர ஒருவருமில்லை.

இரண்டு நாள் கழித்து வக்கீல் ஆளனுப்பினார். நம்முடைய சட்டசபை மெம்பரைத்தான் சொல்கிறேன். ஊரில் இன்னும் வக்கீல் என்றுதான் பேர். மறுபடி எலெக்‌ஷன் நெருங்குகிறது. "அந்தப் பூக்காரம்மைக்கு ஒரு அனுதாபக் கூட்டம் போடணும் ஓய். நீரு ரெண்டு வார்த்தை எழுதி வாசியும். பிடியரிசிக் கதைய நல்லா விரிச்சு எழுதும். தண்ணிக் கதை வேண்டாம்" என்றார்.

சொன்னபடி பிடியரிசிக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன எலெக்‌ஷனில் வக்கீலை எதிர்த்து நின்றவர் பெரியவீட்டுக்காரர். அவருக்கு இரண்டு பிளஷர் கார், தினமும் பந்தி, கேட்ட நேரத்தில் வெற்றிலை. எங்களுக்கு வக்கீலின் கிழிந்த கோட்டும், நான் கையால் எழுதிய வாக்காளர் பட்டியலும், நடந்தே ஊர் சுற்ற ஒப்புக்கொண்ட கொஞ்சம் தொண்டர்களும். அந்தத் தொண்டர்களுக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லை. நாலாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. வெறும் வயிற்றோடு எத்தனை நாள்தான் கொள்கை பேசுவார்கள்?

ஆவுடையம்மாள் சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வேதக்கோயில் பீடத்துக்கான பூ கொண்டுவருவார். ஒரு சனிக்கிழமை என் மனைவி உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துச் சபைக்கான பானையில் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இயேசுசாமிக்குப் போடுகது மாதிரி வக்கீலுக்கும் ஒரு பிடி போட்டா என்ன, வாத்தியாரய்யா? சாமி கோவிச்சுக்கிடுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே தொடங்கிவிட்டார். விடியற்காலையில் தோவாளையில் கூடையைத் தூக்கினால் சுசீந்திரம் வரை அவர் நுழையாத அடுக்களை கிடையாது. பெரியவீட்டுக்காரரின் கார் வாசலோடு நின்றுவிடும். இவர் உலைமூட்டும் இடம் வரை போவார். "பூவுக்குக் காசு தா. வக்கீலுக்கு ஒரு பிடி தா" என்பார். வீட்டுக்காரனுக்குத் தெரியாமலே பானை நிறைந்தது. தொண்டர்கள் திரும்பி வந்தார்கள். அரிசி போதும் ஆவுடையக்கா, ஓட்டு விழுமா என்று நான் கேட்டபோது சொன்னார்: "ஒரு மாசம் பிடியரிசி போட்டவ, அத வீணாப் போக விடுவாளா? கெட்டினவன அவளே தள்ளிக்கிட்டு வருவா."

நிலத்துக்குக் கரம் கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆவுடையம்மாளுக்குச் செடி வைக்கக்கூடச் சொந்த மண் இல்லை. ஒருநாள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "எம் பேரு எங்கய்யா இருக்கு?" என்று எட்டிப் பார்த்தார். இல்லை என்றேன். "போவட்டும். பூக்கட்டுகவ அதத் தலையிலயா வைக்கா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இனித் தண்ணீர்க் கதை.

பூக்காரர்கள் வாடிக்கை வீட்டு வாசல் நிலையில் சுண்ணாம்புப் புள்ளி வைப்பது வழக்கம். வலது நிலையில் பூவுக்குப் புள்ளி. எழுதத் தெரியாத ஆவுடையம்மாள் பிடியரிசிக்கும் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்: அரிசி தந்த வீட்டின் இடது நிலையில் வாரத்துக்கு ஒரு புள்ளி. பூ வாங்கியதற்காக யாரும் யாரையும் தண்டித்ததில்லை. அதனால் இதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

எனக்கும் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தெருவில் நடக்கும்போது இடது நிலைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்து வீட்டில் புள்ளி இருப்பதைக் கண்டு அடுத்த வீட்டுக்காரிக்குத் தைரியம் வந்தது. எங்களிடம் இல்லாத நோட்டீஸை எல்லாம் அந்தப் புள்ளிகள் ஒட்டின.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "வாத்தியாரய்யா, பெரியவீட்டுக் காரியஸ்தன் நேத்து வீடு வீடா நெலையத் தடவிப் பாத்துக்கிட்டுப் போனான். எனக்கு மனசு சரியில்ல. எல்லாத்தையும் அழிச்சிரட்டா?"

ஈரத்துணியோடு ஒரு நாள் நடந்தால் தீரும் வேலை. நான் சொன்னேன்: "இப்ப அழிச்சா நாம பயந்துட்டோம்னு நினைப்பாங்க. ஓட்டு முடியட்டும்."

ஓட்டு முடிந்தது. மறுநாள் காலையில் வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிட்டேன். அவனை நான் மற்ற வீடுகளுக்கு அனுப்பவில்லை. என் வீட்டு முன்சுவரையும் புள்ளிகள் இருந்த இரண்டு நிலைகளையும் மட்டும் அடிக்கச் சொன்னேன். எனக்கு அரைக்கோட்டை நெல் விதைக்கிற அளவுக்கு வயல் இருந்தது. பயிர் பொதி கட்டி, கதிருக்குத் தண்ணீர் கேட்கும் பருவத்தில் இருந்தது. கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருந்தது. கேட்டால் சொல்ல நல்ல காரணம்.

அன்று சனிக்கிழமை; ஆவுடையம்மாள் பூவோடு வந்தார். ஈரம் காயாத நிலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "வாத்தியாரய்யா வீட்டுக்கு மட்டும் இந்தவாட்டி கிறிஸ்மஸ் முந்தியே வந்துட்டுல்லா?" என்றார். பூவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வக்கீல் ஜெயித்தார். ஆவுடையம்மாள் கட்டிய மாலையைத்தான் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார். அந்த மாலை வாடுவதற்குள் மடைகள் அடைபட்டன. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் நிறைய ஓடியது. மடைக்காரன் பெரியவீட்டு ஆள். இடது நிலையில் புள்ளி இருந்த வீடுகளின் வயலுக்கு மட்டும் முறை வரவே இல்லை. கதிர் தள்ளுகிற நேரத்தில் வயல் வெடித்தது. அறுத்தது எல்லாம் பதர். நான் பணிந்துவிட்டேன் என்று வெள்ளைச் சுவர் சொல்லியிருக்க வேண்டும்; என் வயலில் தண்ணீர் நின்றது.

வக்கீல் வீட்டு முற்றத்தில் கூடியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தான் கூடினீர்கள். எல்லாருக்கும் முன்னால் இசக்கியம்மை நின்றாள். ஒரு வாரம்கூடத் தவறாமல் அரிசி போட்டவள். நெல் போனதோடு மகளுடைய கல்யாணமும் நின்று போயிருந்தது. "எங்க நெலையில புள்ளி வச்சது யாரு? அத அழிக்காம வச்சிருக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

இரண்டாவது கேள்வி எனக்கானது. நான் வக்கீல் வீட்டுத் தூணோடு தூணாக நின்றேன்.

ஆவுடையம்மாள் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நாந்தான் மக்கா வச்சேன். யாரும் சொல்லல்ல. எம் புத்திதான் கெட்டுப்போச்சு" என்றார்.

வக்கீல் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "படிப்பில்லாத பொம்பள. தெரியாமச் செஞ்சிட்டா. விட்டுருங்க."

இசக்கியம்மை விடவில்லை. ஆவுடையம்மாளின் மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பியைப் பிடுங்கி, இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இன்னொன்று. "எத்தன வாரம் போட்டேன்னு நீயே சொல்லுட்டி" என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். ஆவுடையம்மாள் அசையாமல் நின்று எண்ணிச் சொன்னார்: "ஏழு." யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பச்சைச் சுண்ணாம்பு அது. கன்னம் வெந்து, தழும்பு கடைசிவரை இருந்தது.

அதற்குப் பிறகு சுசீந்திரம் வரை எந்த வீடும் அவரிடம் பூ வாங்கவில்லை. தோவாளையில் கூலிக்கு மாலை கட்டிக் காலம் தள்ளினார். வெள்ளையடித்த என் வீட்டுக்கும் அவர் பிறகு வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. அவர் கன்னத்தைப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. சட்டசபையில் மடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதாக வக்கீல் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

வக்கீல் இந்தத் தடவையும் பிடியரிசி எடுக்கலாம் என்கிறார். ஆவுடையம்மாள் படத்தை வைத்துக் கேட்டால் பெண்கள் இளகுவார்களாம். அந்த அம்மாளைப் படம் எடுத்தவர் யாருமில்லை என்பதை நான் இன்னும் வக்கீலிடம் சொல்லவில்லை.

அந்த அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு கேள்விகள். அழிச்சிரட்டா என்று கேட்டது ஒன்று. கிறிஸ்மஸ் முந்தியே வந்துட்டுல்லா என்று கேட்டது இன்னொன்று. இரண்டுக்கும் அன்றைக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால், அவரைத் தூக்கிப்போனபோது உங்களில் நாலு பேராவது கூட நடந்திருப்பீர்கள். அந்தத் தழும்போடு அவரைத் தனியாகப் போகவிட்டவன் நான்.

இசக்கியம்மை, நீ இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதி எடுத்து வந்தேன். அன்று நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அழிக்காம வச்சிருக்கச் சொன்னது நான். ஒரு சுண்ணாம்பு டப்பி இந்த மேசைமேல் இருக்கிறது. ஏழு என்பதை நானே சொல்கிறேன்; நீ எண்ண வேண்டாம்.