உடைத்துக் காட்டிய கருப்பட்டி

ஒரு காலத்தில் என்னோடு தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்ற ஞானமுத்து, இன்று காலை மார்த்தாண்டத்தில் என் கடைக்கு வந்தான். அவனுக்கு இப்போது கொல்லத்தில் நாலு கடை.

"ஏலே மக்கா, அஞ்சாவது கடைய உனக்க கையில தாறேன், வாறியா? மத்தியானம் நான் பஸ் ஏறுததுக்குள்ள சொல்லு."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து, "கருப்பட்டி நல்லதா?" என்று கேட்டாள். வழக்கம்போல் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை.

உடைந்த கருப்பட்டி விலைபோகாது என்று நான் ஒன்றையும் உடைப்பதில்லை. ஞானமுத்துவோ முழுக் கருப்பட்டி ஒன்றைப் பட்டென்று உடைத்து, "தின்னு பாருங்க அக்கா" என்று நீட்டினான்.

ருசித்தவள் ஒரு ஓலைப்பெட்டி நிறைய வாங்கிப் போனாள்.

"நான் கொல்லத்துக்கு வரல்ல மக்கா. மத்தியானம் வீட்டுக் கஞ்சியும் ஒரு உறக்கமும் கிடைக்குது, எனக்கு அது போதும். ஆனா இந்த வித்தைய எடுத்துக்கிடுதேன்."

"கடைய வேண்டாம்னுட்டு வித்தைய களவாண்டுட்டியேலே!" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

சாயங்காலத்துக்குள் நாலு கருப்பட்டி உடைத்துவிட்டேன். வியாபாரம் மோசமில்லை.

இன்று கடைக்கு வந்து ருசி மட்டும் பார்த்துவிட்டு நழுவிய நண்பர்கள் மூன்று பேரும் இந்தப் பதிவை வாசிப்பீர்கள் என்று தெரியும். கருப்பட்டி எப்படி இருந்தது என்றாவது சொல்லுங்கள்.