அரியலூர் லாரிச் சாலையிலிருந்து பெரம்பலூர் மாவு மில் தெரு வரை

இந்த பிளாக்கில் கோட்டை, கோயில், ஏரி, சாப்பாட்டுக் கடை என்று நிறைய எழுதியாகிவிட்டது. வீடு பார்க்கப் போன கதையை எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, என் அக்கா வசந்தியைக் கூட்டிக்கொண்டு அரியலூரிலிருந்து பெரம்பலூர் போய் நாளெல்லாம் சுற்றினேன். சுற்றுலா என்று நம்பி வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நடுவில் ஒரு கோட்டையும் இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை. நான்கு பேர் நடுவில் உட்கார்ந்தால் ஐந்து பேர் அளவுக்குப் பேசுகிறவள், போன் எடுத்தால் "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். தை மாதம் ஒருநாள், "எங்கயாவது போயிடலாம் போல இருக்கு கலா" என்றாள். எங்கே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துப்போனோம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். ஜன்னலைத் திறப்பீர்களா, உள்ளே வெயில் வருமா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முடிந்தால் வீட்டை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டின் ஒத்தி மாசியோடு முடிகிறது. மறுபடியும் மூன்று வருடத்துக்கு எழுதுவதா, காலி செய்வதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி எடைபோடும் இடத்தில் வேலை. அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க, எந்த ஊரா இருந்தாலும் நான் வண்டியில வந்து போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு. சனிக்கிழமை ஒரு நாள் தாராளம் என்று கிளம்பிவிட்டேன்.

நான் இருப்பது திருச்சியில், அங்கிருந்து அரியலூருக்கு ரயில்தான் வசதி. காலை ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், முன்பதிவில்லாத டிக்கெட் நாற்பது ரூபாய்தான். ஸ்டேஷனிலிருந்து அக்கா வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

அக்கா வீடு லாரி போகும் சாலையில் இருக்கிறது. கல் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள், காலியாகத் திரும்பும் லாரிகள், பகலா இரவா என்று பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாசலில் இருக்கும் முருங்கை மரத்தின் இலை சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் காலை ஒன்பது மணிக்கு டியூப்லைட் எரிகிறது. ஜன்னல் இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்திருந்தாள். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களை ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். லாரி போகும்போது டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்குமாம். லோடு லாரி ஒரு மாதிரி, காலி லாரி ஒரு மாதிரி. இரவெல்லாம் படுத்துக்கொண்டு எது லோடு, எது காலி என்று கண்டுபிடிப்பதே வேலையாகிப் போனதால் துண்டைப் போட்டுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எதுவுமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

லாரிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. லாரி நின்றால் மாமா சம்பளமும் நின்றுவிடும். அந்தச் சாலையில் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் அக்காவால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தனியார் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய். வழியெல்லாம் பாதிச் சாலையை மறித்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் மீதிப் பாதியில் லாவகமாக ஓட்டிக்கொண்டு போனார். அக்கா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கை மூடியபடியே வந்தாள். தூசி இல்லை அக்கா, எடு என்றேன். எடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் மூடிக்கொண்டாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அன்வர் பாய் என்ற ஆட்டோக்காரரைப் பிடித்தோம். ரஞ்சன்குடி கோட்டை, திரும்பும் வழியில் ஒரு வீடு, பிறகு டவுன் என்று பேசி தொள்ளாயிரத்துக்கு முடித்தேன். ஆயிரத்து இருநூறில் ஆரம்பித்தார். பேரம் பேசும்போது நான் சிரிக்க மாட்டேன், அதுதான் ரகசியம்.

ரஞ்சன்குடி பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பதினேழு கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு நாங்கள் போனபோது ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பெரிய மலை எல்லாம் இல்லை, மூட்டு வலிக்காரர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். அடுக்கடுக்காக மதில்கள், உச்சியில் நல்ல காற்று, நாலா பக்கமும் காடு கழனி தெரிகிறது. வெயிலுக்கு முன் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், உள்ளே கடை கிடையாது.

அக்காவை அங்கே அழைத்துப்போனதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சத்தமும் தூசியும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், அடுத்துப் பார்க்கப்போகும் வீடு அவளுக்குத் தானாகப் பிடித்துவிடும். உச்சியில் உட்கார வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். அமைதி வேலை செய்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த வீடு நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, புதிதாகப் பிளாட் போட்ட ஒரு நகரில். நான் ஒரு வாரம் போனிலேயே பேசி, போட்டோ வாங்கிப் பார்த்துவைத்த வீடு. இரண்டு படுக்கையறை, சுற்றிலும் காம்பவுண்டு, நல்ல தண்ணீர், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஜன்னல், ஏழாயிரம் வாடகை. சாவி பக்கத்துப் பெட்டிக்கடையில் இருந்தது. பக்கம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர். தெருவில் நாங்கள் பார்த்தது ஐந்து வீடுகள், அதில் மூன்று பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் கட்டிப் போட்டவை, கேமரா மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி இடமெல்லாம் எல்லைக் கல்லும் கருவேலஞ்செடியும்.

எனக்கு வீடு மிகவும் பிடித்திருந்தது. நான் எல்லா ஜன்னலையும் திறந்து, ஒவ்வொரு அறையாகக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால் வீடு இருட்டாக இருக்கிறது. நான் திறந்த ஜன்னல்கள் அத்தனையையும் அக்கா சாத்தியிருந்தாள். வாசல் கதவுக்கு உள் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு நடு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் சாத்தினாய் என்று கேட்டதற்கு, சாத்தியதே தெரியவில்லை என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நல்ல வூடுதான் கலா. ஆனா இங்க நான் செத்துக் கெடந்தாக்கூட, சாவி குடுத்தவருக்குக் கடைய மூடுறப்பதான் நெனப்பு வரும்."

வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் ஏறியதும் அன்வர் பாய் தன் பங்குக்கு, இந்த நகருக்குப் பொழுது சாய்ந்தபின் சவாரி வந்தால் இரண்டு மடங்கு கேட்பேன், திரும்பும்போது பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது என்றார். ஒரு வாரம் தேடிய வீடு இப்படிப் போனதில் எனக்குக் கோபம். கையில் வேறு வீடும் இல்லை. அக்கா மறுபடியும் மூக்கை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் வேறு கிடைக்காவிட்டால் அந்த லாரிச் சாலையிலேயே இன்னும் மூன்று வருடம்.

டவுனுக்குள் வந்ததும் அன்வர் பாய், கோபித்துக்கொள்ளக் கூடாது, காலையில் வீட்டில் கொடுத்துவிட்ட கோதுமை மில்லில் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். பழைய கடைத்தெருவுக்குப் பின்னால், ஆட்டோ ஒன்று போனால் எதிரில் சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலத்தில் ஒரு தெரு. அதன் நடுவில் மாவு மில். மில் வாசலில் டின்னும் தூக்குவாளியுமாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கவில்லை. எதிர்வீட்டு மாடிப்படியில், படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அதுதான் வழக்கமாம். டின் வரிசையில் நிற்கும், ஆள் படியில் உட்காரும், தன் டின் முன்னால் போனதும் எழுந்துபோவார்கள். ஐந்து நிமிடம் என்பது அந்தத் தெருவில் அரை மணி நேரம்.

நான் ஆட்டோவிலேயே இருந்தேன், மிளகாய் அரைக்கும் நெடியில் தும்மிக்கொண்டு. அக்கா இறங்கினாள். மூன்றாவது படியில் இருந்த, மிளகாய் அரைக்க வந்திருந்த பரிமளா என்ற அம்மாள், கேட்காமலேயே நகர்ந்து இடம் விட்டார். விட்ட கையோடு விசாரணையும் ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை. அதோடு விட்டாரா, ஏன் கண்ணெல்லாம் இப்படிக் குழி விழுந்து கிடக்கிறது, தூக்கம் இல்லையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தக்காரர்கள் நாங்கள் யாரும் ஒரு வருடமாக அவளிடம் நேராகக் கேட்கப் பயந்த கேள்வி அது.

அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். லாரியைப் பற்றி, டம்ளரைப் பற்றி, மாத்திரையைப் பற்றிக்கூடச் சொன்னாள். வயது நாற்பத்தாறு என்றாள்.

"நாப்பத்தாறா? பாத்தா அம்பது சொல்லலாம்" என்றார் பரிமளா.

"ஒனக்கு அறுபதுன்னு நான் சொன்னனா?" என்றாள் அக்கா.

படியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் அக்கா ஒருத்தியைக் கேலி செய்து கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படிக்கு மேலே இருந்த வீட்டில்தான் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. வீட்டுக்கார அம்மா கீழேயே குடியிருக்கிறார், கூப்பிட்டதும் வந்தார். ஐயாயிரத்து ஐநூறு வாடகை, ஆனால் ஒருவரும் நிலைப்பதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மில் சத்தத்தையாவது பொறுத்துக்கொள்கிறார்களாம், படியில் ஆட்கள் உட்காருவதைத்தான் தாங்க முடிவதில்லையாம். அவரும் ஒரு தடவை கீழே கேட் போட்டுப் பார்த்திருக்கிறார், கேட்டுக்கு வெளியே இருந்த முதல் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களாம். "சொன்னா கேக்க மாட்டாங்கம்மா, இப்பவே சொல்லிடுறேன், பின்னாடி என்னையக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

நான் அக்காவைத் தனியாக அழைத்துப்போய், ஒரு சத்தத்தையும் தூசியையும் விட்டுவிட்டு இன்னொரு சத்தத்துக்கும் தூசிக்கும் வர வேண்டுமா என்று கேட்டேன். என் கேள்வி நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். அவள் பதில் அதைவிட நியாயமாக இருந்தது.

"அந்த லாரி எல்லாம் யாருதுன்னு எனக்குத் தெரியாது கலா. எப்ப வரும், எப்ப நிக்கும், ஒண்ணும் தெரியாது. இது பரிமளா மொளகா. அரைச்சு முடிச்சா நின்னுடும்."

சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு படியேறினாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். நான் கீழே நின்று முன்பணம், தண்ணீர் வரும் நேரம், கரண்டு மீட்டர் எல்லாம் பேசி முடித்து மேலே போனால், முன்னறையில் வெறும் தரையில், கைப்பையைத் தலைக்கு வைத்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தெருப்பக்க ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. கீழே மில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அன்வர் பாயைக் காத்திருக்கச் சொல்லிக் கூட நூறு ரூபாய் கொடுத்தேன்.

வீடு மாறிய கையோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, இதை யார் படித்தாலும் நினைவில் வையுங்கள். தூக்கம் வராத இரவுகளும் இருக்கின்றன. மாமா தினமும் அரியலூர் போய்வர அலுத்துக்கொள்கிறார், ஆனால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது என்று அவரே சொன்னார். இரவு எட்டு மணிக்கு மில் நின்றால் தெரு அடங்கிவிடுகிறது.

வீடு தேடிப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. தண்ணீர், வெளிச்சம், காற்று பார்ப்பது போல, அந்த வாசலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். குடியிருக்கப் போகிறவரையும் கூட அழைத்துப்போங்கள், போட்டோவை நம்பி நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பூட்டிய வீடுகள் எத்தனை என்று பாருங்கள். சிலருக்கு ஆளில்லாத அந்த நகர் வீடுதான் மருந்தாக இருக்கும், அமைதியாகப் புத்தகம் படிக்கிறவர்கள் போய்ப் பாருங்கள், இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். ரஞ்சன்குடியோடு சேர்த்துப் பார்த்தால் ஆட்டோ செலவு மிச்சம்.

போன வாரம் அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் மில் சத்தத்தில் எனக்குக் கண்ணே மூடவில்லை. சமையலறையில் ஏதோ கிணுகிணுக்கிறதே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அலமாரியில் அதே எவர்சில்வர் டம்ளர்கள், கீழே துண்டு இல்லாமல் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தன. துண்டை எடுத்துப் போடட்டுமா என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"வேணாம் வுடு, மொளகாதான்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.